செய்யலாம், செய்தல் வேண்டும்: புனே மாநகராட்சியும் தளர்ந்தோர் பராமரிப்பும்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கின் முடிவில் முதுகலை மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார். இங்கிலாந்தில் தனித்து வாழும் முதியவர் ஒருவர் குளிக்கவோ சமைக்கவோ இயலாத நிலையை அடைந்தால், அவர் வாழும் பகுதியின் உள்ளாட்சி மன்றம் அவரது தேவையை மதிப்பிட்டுப் பராமரிப்புக்கு வழிசெய்யக் கடமைப்பட்டிருக்கிறது. நம் மாநகராட்சிகளுக்கு அப்படியொரு கடமை ஏன் இல்லை என்பது அவர் வினா. "நமக்கு வறுமைச் சட்டம் என்று ஒன்று இருந்ததில்லை" என்று சுருக்கமாக விடை சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த விடை பிழையன்று, ஆயினும் அரைகுறையானது. கடந்த சில ஆண்டுகளாகப் புனேயின் நகராட்சி வரலாற்றைப் படித்து வருபவன் என்ற முறையில் மீதிப் பாதியை இங்கே எழுதிவைக்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் சட்டத்தின் வாசகம். பம்பாய் மாகாண மாநகராட்சிகள் சட்டம் 1949இல் நிறைவேறியது. அதன்கீழ் 1950 பிப்ரவரி 15 அன்று புனே மாநகராட்சி உருவானது. இன்றும் வேறு பெயரில் அதே சட்டந்தான் அந்நகரை ஆள்கிறது. அதன் 63ஆம் பிரிவு மாநகராட்சி கட்டாயமாகச் செய்தாக வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: தெருக்களைத் துப்புரவு செய்தல், குடிநீர், கழிவுநீர், விளக்கு, அம்மை குத்துதல், பிறப்பு இறப்புப் பதிவு, இறந்தோரை எரிக்கவும் புதைக்கவும் இடம். 66ஆம் பிரிவு, மன்றம் தன் விருப்பத்தின்பேரில் செய்யக்கூடியவற்றைப் பட்டியலிடுகிறது. நலிந்தோர், நோயுற்றோர், தீராப்பிணியாளர் ஆகியோரைப் பராமரிக்கும் நிலையங்களும், பார்வையற்றோர், செவித்திறனற்றோர் முதலானோரைப் பராமரித்துப் பயிற்றும் நிலையங்களும் இந்த இரண்டாம் பட்டியலில்தான் இடம்பெறுகின்றன. அதே பட்டியலில் நீச்சற்குளமும் உண்டு. ஒருவர் பிறந்தால் பதிவது கடமை. இறந்தால் சுடுகாட்டுக்கு இடம் தருவது கடமை. இரண்டுக்கும் இடையில் படுக்கையில் விழுந்துவிட்டால் அவரைப் பார்த்துக்கொள்வது மன்றத்தின் விருப்பம்.

இந்தப் பிரிவினையை 1949இன் சட்டவரைவாளர்கள் திடீரெனக் கண்டுபிடிக்கவில்லை. அதன் வேர் நூறாண்டுகள் பின்னால் போகிறது.

பேஷ்வாக்களின் பூனாவில் அறம் என்பது பெரும்பாலும் கோயிலையும் தட்சிணையையும் சார்ந்திருந்தது. ஆண்டுதோறும் வேதம் கற்ற பிராமணர்க்குத் தட்சிணை வழங்கும் வழக்கத்தைக் கம்பெனி ஆட்சி உடனே நிறுத்தத் துணியவில்லை. அந்நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு 1821இல் சமஸ்கிருதக் கல்லூரி ஒன்றை நிறுவியது. தளர்ந்த உடலைத் தாங்கும் பொறுப்பு குடும்பத்துக்கும் சாதிக்கும் உரியது என்று பழைய ஆட்சியும் கருதியது, புதிய ஆட்சியும் கருதியது. பின்னதற்கு அது மலிவாகவும் இருந்தது. இங்கிலாந்தில் 1601 முதலே ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வரி விதித்துத் தன் ஏழைகளைத் தாங்க வேண்டியிருந்தது. 1834இல் அந்த முறை கொடுமையான உழைப்பில்லங்களாக இறுகிய பிறகும், உள்ளூர் வரிக்கும் உள்ளூர் ஏழைக்கும் இடையிலான சட்டப் பிணைப்பு அறுபடவில்லை. இந்தியாவுக்கு இரயிலும் தண்டனைச் சட்டமும் கொண்டுவந்தவர்கள் இந்தப் பிணைப்பை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை.

1857இல் பூனா நகராட்சி அமைந்தபோது அதன் கண் தெருவிலும் சாக்கடையிலும் இருந்தது. தளர்ந்தோர்க்கான முதல் நிறுவனம் நகராட்சிக்கு வெளியிலிருந்து வந்தது. பாக்தாத்திலிருந்து பம்பாய்க்கு வந்து பெருவணிகரான யூதர் டேவிட் சசூன், தம் இறுதி ஆண்டுகளில் பூனாவுக்குப் பெருங்கொடை அளித்தார். 1864இல் அந்நகரிலேயே மறைந்தார். 1867இல் திறக்கப்பட்ட சசூன் மருத்துவமனையை அனைவரும் அறிவர். அதே பத்தாண்டில் அவர் பெயரால் அமைந்த 'அநாத பங்கு கிருகம்' அவ்வளவாக அறியப்படாதது. (தமிழ்க் காதுக்கு இப்பெயர் பாகப்பிரிவினை போல ஒலிக்கும். வடமொழி வழி வந்த மராத்திப் 'பங்கு' கால் இயலாதவரைக் குறிப்பது.) இன்று 'நிவாரா' என்ற பெயரில் நவி பேட்டையில் முதியோர் இல்லமாக அது தொடர்ந்து இயங்குகிறது. நம் சென்னையில் 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியாகத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை இதனோடு ஒப்பிடத் தோன்றுகிறது. அதன் மருத்துவப் பகுதி ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்து அரசின் பொறுப்பானது; ஆதரவற்றோர் பகுதி அறநிலையமாகவே நின்றது. பூனாவிலும் இதுவே நிகழ்ந்தது: மருத்துவமனையை அரசு ஏற்றது, பங்கு கிருகம் கொடையாளர் கையில் தங்கியது. நோயைக் குணப்படுத்துவது பொதுக் காரியம், குணமாகாதவரைப் பார்த்துக்கொள்வது புண்ணியக் காரியம் என்ற பாகுபாடு இரு நகரங்களிலும் கட்டடங்களாகவே எழுந்து நிற்கிறது.

பூனாவின் ஆதரவற்ற பெண்களைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1863இல் தம் வீட்டிலேயே கருவுற்ற கைம்பெண்களுக்கு அடைக்கலம் அளித்தனர். 1890இல் பண்டித ரமாபாயின் சாரதா சதன் பம்பாயிலிருந்து பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1896இல் கார்வே கைம்பெண்கள் இல்லத்தைத் தொடங்கினார். 1909இல் ரமாபாய் ரானடேயும் தேவதரும் சேவா சதனை நிறுவினர். அங்கே பயின்று செவிலியரான பெண்கள் பலர். இந்தியாவில் வேறெந்த நகரமும் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை பராமரிப்பு நிறுவனங்களைக் கண்டிருக்குமா என்பது ஐயமே. ஆனால் இவற்றுள் ஒன்றேனும் நகராட்சி நிறுவியதன்று. சீர்திருத்தத்தின் பெருமை என்றே இதை நாம் படித்துப் பழகியிருக்கிறோம். எனக்கு அதன் மறுபக்கமும் தெரிகிறது: தனியார் அறம் இவ்வளவு செழித்த ஊரில், நகராட்சியிடம் எவரும் கேட்கத் தோன்றவில்லை.

எவரும் என்பது சற்று மிகை. புலே 1876இல் நகராட்சி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். வைஸ்ராய் லிட்டன் வருகைக்கான அலங்காரச் செலவை எதிர்த்தார். புதிய சந்தைக் கட்டடத்துக்கான செலவையும் எதிர்த்து, அப்பணம் ஏழைகளின் கல்விக்குப் போகட்டும் என்றார். சந்தை 1886இல் எழும்பியது. இன்று அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது! அவர் உறுப்பினரான அதே ஆண்டில் தக்காணத்தின் பெரும்பஞ்சம் தொடங்கியது. சத்தியசோதக் சமாஜம் அன்னசாலை திறந்தது. பூனா சார்வஜனிக் சபை மாவட்டமெங்கும் செய்தி திரட்டி அரசுக்கு அறிக்கை அனுப்பியது. பஞ்சம் ஓய்ந்தபின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. உழைக்க முடிந்தவர்க்கு நிவாரண வேலை, முடியாதவர்க்கு இலவச உதவி என்ற கொள்கை அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகளுக்குப் போயிற்று. முதியவர், பார்வையற்றவர், நடக்க இயலாதவர் என்ற வகையினர் அரசின் கணக்கேட்டில் உதவிக்கு உரியோராக ஏறியது அப்போதுதான். ஆனால் பஞ்சம் அறிவிக்கப்பட்டால் மட்டுமே அந்தக் கணக்கேடு திறக்கும். மழை பெய்தால் மூடப்படும். இயல்பான காலங்களில் இந்தியச் சமூகத்தின் ஈகைக்குணம் போதும் என்பது ஆட்சியாளரின் முடிவு. ஈகையைப் புகழ்வதற்குச் செலவில்லை.

அடுத்த திருப்பம் 1897. பிளேக் வந்தது, தொற்றுநோய்ச் சட்டம் வந்தது, ராண்டு தலைமையில் தனிக் குழு வந்தது. நகராட்சியை ஓரங்கட்டிவிட்டுப் படைவீரர்கள் வீடுவீடாகப் புகுந்து நோயாளிகளைத் தேடினர். ஜூன் 22 இரவு ராண்டு சுடப்பட்டதும், சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் பாடநூல்களில் உள்ளவை. அந்த ஆண்டு மார்ச் 10 அன்று, பிளேக் நோயாளிகளைப் பராமரித்த சாவித்திரிபாய் அதே நோயால் இறந்தார். ஒரே நகரில், ஒரே மாதத்தில், நோயுற்ற உடலை நோக்கி இரண்டு கைகள் நீண்டன: ஒன்று அரசினுடையது, மற்றொன்று அவருடையது. என் வினாவுக்கு இன்றியமையாதது வேறொன்று. வளர்ந்த ஒருவரின் உடல்நிலை பொதுப்பொறுப்பு ஆகிறது என்று சட்டம் ஒப்புக்கொண்ட தருணம் அது. அந்த உடல் பிறர்க்கு ஆபத்தாக இருந்ததே ஒப்புதலுக்குக் காரணம்.

இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் பிற்காலச் சட்டங்கள் பலவும் விளங்குகின்றன. தொற்றுநோய்த் தடுப்பு கட்டாயக் கடமைகளின் பட்டியலில் அமர்ந்தது. அதனால்தான் புனே மாநகராட்சியிடம் நாயுடு தொற்றுநோய் மருத்துவமனை இருந்தது. 2020 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகளைச் சேர்க்க ஓர் இடமும் இருந்தது. 1959இல் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம், தெருவில் கையேந்தும் முதியவரையும் ஊனமுற்றவரையும் பிடித்து நிலையத்தில் அடைக்க வழிசெய்தது. அங்கும் அவரது தளர்ச்சி பொதுப்பொறுப்பு ஆனதற்கு அவர் பிறர் கண்ணில் பட்டதே காரணம். (2018இல் தில்லி உயர் நீதிமன்றம், அங்கே நடைமுறையில் இருந்த அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது.) யாருக்கும் தீங்கில்லாமல், யார் கண்ணிலும் படாமல், ஒரு வாடாவின் பின்னறையில் தளர்ந்து கிடப்பவரைப் பற்றி எந்தக் கட்டாயமும் எழவில்லை. அவர் தொற்றுவதில்லை, கையேந்துவதில்லை, நாறுவதும் அண்டை வீட்டார்க்குத் தெரியுமளவு இல்லை.

இப்போது 1949க்குத் திரும்புவோம். அதற்கு ஓராண்டு முன், 1948இல், இங்கிலாந்தின் தேசிய உதவிச் சட்டம் பழைய வறுமைச் சட்டத்தை ஒழித்தது. வயது, தளர்ச்சி முதலிய காரணங்களால் வேறு வழியில் கிடைக்காத பராமரிப்பு தேவைப்படுவோர்க்குத் தங்குமிடம் தருவது ஒவ்வொரு உள்ளாட்சி மன்றத்தின் கடமை என அதன் 21ஆம் பிரிவு விதித்தது. முதியோர் இல்லம் நடத்தும் தனியார் மன்றத்திடம் பதிவுசெய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது. வழங்குவதும் மேற்பார்வையிடுவதும் ஒரே மன்றத்தின் கையில் வந்தன. ஏறத்தாழ அதே சொற்கள் பம்பாய்ச் சட்டத்திலும் உள்ளன. வினைமுற்று மட்டும் வேறு. அங்கே 'செய்தல் வேண்டும்', இங்கே 'செய்யலாம்'. கடமை என்று எழுதினால் நிலைமை தானே சீராகிவிடும் என்று நான் வாதிட மாட்டேன். பீட்டர் டவுன்சென்ட் 1962இல் வெளியிட்ட 'கடைசிப் புகலிடம்' என்ற ஆய்வு, பழைய உழைப்பில்லக் கட்டடங்களிலேயே முதியவர்கள் வரிசைக் கட்டில்களில் கிடந்ததை அம்பலப்படுத்தியது. ஆனால் கடமை இருந்ததால் அந்த ஆய்வுக்குக் குற்றஞ்சாட்ட ஒரு முகவரி இருந்தது. நம் நிலையில் குற்றஞ்சாட்டவும் முகவரி இல்லை.

மேற்பார்வையைப் பொறுத்தவரை பம்பாயின் கதை இன்னும் சுவையானது. 1949இலேயே நிறைவேறிய மருத்துவ இல்லங்கள் பதிவுச் சட்டம், நோய், காயம், தளர்ச்சி ஆகியவற்றுக்கு ஆளானோரைச் சேர்த்துச் சிகிச்சையும் செவிலியமும் தரும் இடங்கள் யாவும் பதிவுசெய்யப்பட வேண்டும் என்றது. மாநகராட்சிப் பகுதிகளில் பதிவு அதிகாரம் மாநகராட்சியினுடையது. 'தளர்ச்சி' என்ற சொல் அதில் இருக்கிறது. ஆயினும் சிகிச்சையும் சேர்ந்தால்தான் அது மருத்துவ இல்லம். உணவும் உறையுளும் கைத்தாங்கலும் மட்டும் தரும் முதியோர் இல்லம் அந்த வரையறையின் விளிம்பில் நின்றுவிடுகிறது. மறுவருடம், 1950இல், பொது அறக்கட்டளைகள் சட்டம் வந்தது. வறியோர் துயர்துடைக்கும் அறநிலையங்கள் அறநிலைய ஆணையரின் கண்காணிப்புக்குப் போயின. அவர் பார்ப்பது கணக்கை, கட்டிலை அன்று. ஓர் இல்லத்தின் வரவுசெலவு ஆண்டுதோறும் தணிக்கைக்கு உள்ளாகலாம். அங்கே படுத்திருப்பவரின் முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அலுவலர் எவர் என்று சட்டத்தில் தேடினால் கிடைக்கமாட்டார்.

அரசமைப்புச் சட்டமும் இங்கே தெளிவு தரவில்லை. 41ஆம் உறுப்பு முதுமையிலும் நோயிலும் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது, அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு. ஊனமுற்றோர்க்கும் வேலைசெய்ய இயலாதோர்க்கும் துயர்துடைப்பு மாநிலப் பட்டியலின் 9ஆம் இனம். 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலன்காத்தல் நகராட்சிகளுக்கு உரியதாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் ஏறியது. அங்கும் அது 9ஆம் இனமே. ஒன்பதிலிருந்து ஒன்பதுக்குப் பயணம் காகிதத்தில் முடிந்தது; பணமும் ஆளும் பின்தொடரவில்லை. மகாராஷ்டிரத்தின் சமூக நல ஆணையரகம் புனேயிலேயே இருக்கிறது. மாநகராட்சிக்கும் அதற்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஆனால் அதிகாரப் படிநிலையில் அந்தத் தொலைவை எவரும் இன்னும் நடந்து கடக்கவில்லை.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்பும் என எதிர்பார்த்தோர் உண்டு. அது முதற்கண் மகனையும் மகளையும் நோக்கியது. வழக்கைக் கேட்பது கோட்ட அளவிலான தீர்ப்பாயம். மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 வறிய முதியோர்க்கு இடமளிக்கும் இல்லம் அமைக்கலாம் என்று அதன் 19ஆம் பிரிவு மாநில அரசுக்குச் சொல்கிறது. கவனியுங்கள், மீண்டும் 'அமைக்கலாம்'. 2011 கணக்கெடுப்பில் புனே மாநகராட்சியின் மக்கள்தொகை மட்டுமே 31 இலட்சத்துக்கு மேல். மாவட்டத்தினது 94 இலட்சம். முதியோர் இல்லங்களையும் வீட்டுப் பராமரிப்பு முகமைகளையும் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. 2024இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது.

ஆகவே இன்று புனேயில் உறவினரற்ற ஒரு முதியவர்க்காக அலையும் அண்டைவீட்டார் முதலில் ஓய்வூதியத்துக்குத் தாசில்தாரிடம் போகிறார். 1980இல் தொடங்கிய சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் அங்கேதான். ஜீவனாம்ச வழக்கெனில் கோட்ட அலுவலர். இல்லத்தின் மீது முறையீடெனில் அறநிலைய ஆணையர், அல்லது காவல் நிலையம். மாநகராட்சியின் சமூக வளர்ச்சித் துறை, முன்பு நாகர்வஸ்தி விகாஸ் என்று அறியப்பட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கு நிதியுதவி தருகிறது. உள்ளாட்சிகள் தம் வருவாயில் 5 விழுக்காட்டை அவர்களுக்கென ஒதுக்க வேண்டும் என்பது மாநில அரசின் ஆணை. வீடற்றோர் காப்பகங்களும் மாநகராட்சியின் பொறுப்பு. உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு ஆணைகளையும் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிகளையும் ஒட்டி, ஓர் இலட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம் என்பது அளவு. அந்தக் கணக்கில் புனேக்கு 31 வேண்டும். உழைப்பாளர் இரவில் தலைசாய்ப்பதற்காக எண்ணப்பட்ட இடத்தில், பகலிலும் எழுந்து போக இயலாதவர் வந்து சேரும்போது அது வேறொரு நிறுவனமாகிவிடுகிறது. அதற்கான செவிலியரும் நெறியும் அங்கே இல்லை.

விருப்பக் கடமையின் இன்னொரு முகம் விரங்குளா கேந்திரங்கள். மூத்த குடிமக்கள் கூடிப் பேசவும் நாளிதழ் படிக்கவும் மாநகராட்சி அமைத்த இளைப்பாறு மையங்கள் இவை. புனேயின் மூத்த குடிமக்கள் சங்கங்கள் வலிமையானவை, கேட்கத் தெரிந்தவை. நடந்துவந்து மனுக்கொடுக்கக் கூடியவர்க்கு விருப்பக் கடமை கிட்டும் என்பது என் துணிபு. மனுக்கொடுக்கவும் எழ முடியாதவரே பராமரிப்பு தேவைப்படுபவர் என்பதுதான் இதிலுள்ள முரண். மேலும், விருப்பம் என்பதற்கு விரும்பும் மன்றம் ஒன்று வேண்டும். 2022 மார்ச்சில் புனே மாமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்தலின்றி நிர்வாகியின் ஆளுகையே நடந்தது. அந்தக் காலத்தில் 66ஆம் பிரிவின் 'விருப்பம்' ஒரே ஓர் அலுவலரின் விருப்பமாகச் சுருங்கியது.

இந்திய உள்ளாட்சிகளால் இதெல்லாம் ஆகாது என்போர்க்கு மறுப்பு கேரளத்தில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தால் நிதியும் அதிகாரமும் பெற்ற உள்ளாட்சிகள், 2008ஆம் ஆண்டு நோய்த்தணிப்புப் பராமரிப்புக் கொள்கைக்குப் பின், செவிலியரை அமர்த்திப் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கே அனுப்புகின்றன. தொடக்கத்தில் அது மலப்புரம், கோழிக்கோடு பகுதிகளின் தன்னார்வலர் இயக்கம். பூனாவின் சேவா சதன் போல அதுவும் தனியார் அறமாகவே நின்றிருக்கக்கூடும். ஊராட்சித் தலைவரின் ஆண்டுத் திட்டத்தில் அதற்கு ஓர் இனமும் தொகையும் எழுதப்பட்டபோது அதன் தன்மை மாறியது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்பும் தருகிறது. ஆனால் அது மாநில நலவாழ்வுத் துறையின் திட்டம். சென்னை மாநகராட்சிக்கோ மதுரை மாநகராட்சிக்கோ அதனால் புதிய சட்டக் கடமை எதுவும் பிறக்கவில்லை.

மாணவரின் வினாவுக்கு இப்போது என் விடை இது. வறுமைச் சட்டம் இல்லாதது காரணங்களுள் ஒன்று. ஆனால் பஞ்சகாலத்தில் அரசு அதை எழுதத்தான் செய்தது. பிளேக் காலத்தில் அதைவிடக் கடுமையாக எழுதியது. அமைதியான காலத்துத் தளர்ச்சிக்கு மட்டும் எழுதவில்லை. 1949இல், விடுதலை பெற்ற மாகாணத்தின் சட்டமன்றம் எழுதும் வாய்ப்பைப் பெற்று, 'செய்யலாம்' என்று எழுதியது. அந்தச் சட்டமன்ற விவாதங்களில் 66ஆம் பிரிவைப் பற்றி யார் என்ன பேசினர் என்பதையும், 1950க்குப் பிந்தைய புனே வரவுசெலவுத் திட்டங்களில் அப்பிரிவின்கீழ் ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதையும் வரிசையாகத் தொகுத்தால் ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வு அமையும். மராத்தி படிக்கத் தெரிந்த தமிழ் மாணவர் எவரேனும் இதில் இறங்க எண்ணினால், பின்னூட்டத்தில் எழுதுக. நான் திரட்டியுள்ள குறிப்புகளைத் தருகிறேன்.